பழைய அமெரிக்கக் குழந்தை ஆடுநாற்காலி: ஷேக்கர் வேலைதானா, ஆடுகட்டைகள் பிற்காலச் சேர்க்கையா?

பெர்க்‌ஷயர்வாசி (கேள்வி)

மேற்கு மாசசூசெட்ஸில் ஒரு பழைய வீட்டின் சாமான்கள் விற்பனைக்கு வந்தபோது குழந்தைகளுக்கான ஆடுநாற்காலி ஒன்றை வாங்கினேன். அதில் கட்டியிருந்த சீட்டில் "ஷேக்கர், 1840 வாக்கில்" என்று எழுதியிருந்தது. ஷேக்கர்கள் என்பவர்கள் எளிய மரச்சாமான்களுக்குப் பெயர் பெற்ற ஒரு கிறிஸ்தவச் சமயக் குழுவினர். என்ன ஆதாரம் என்று கேட்டதற்கு, குடும்பத்தில் அப்படித்தான் சொல்லி வந்தார்கள் என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. மரவேலை தெரிந்தவர்களும் அமெரிக்கப் பழம்பொருட்களில் பழக்கம் உள்ளவர்களும் இங்கே இருப்பதால், நாற்காலியைக் கூடியவரை துல்லியமாக விவரித்து உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

இருக்கையின் முன்விளிம்பு தரையிலிருந்து 9 அங்குல உயரத்திலும், பின்தூண்களின் உச்சி 23 அங்குல உயரத்திலும் இருக்கின்றன. நான்கு தூண்களும் கடைசல் வேலை. பின்தூண்களுக்கு இடையில் லேசாகப் பின்னோக்கி வளைந்த மூன்று குறுக்குப் பட்டைகள் உள்ளன. அவற்றில் மேற்பட்டைக்கு மட்டும் இரு பக்கமும் மரமுளை அடித்திருக்கிறார்கள். கைகள் வெறும் உருளைக் கட்டைகள். பின்னால் தூணுக்குள் செருகப்பட்டு, முன்னால் முன்தூணின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. பின்தூண்களின் உச்சியில் சிறு உருண்டைக் குமிழ்கள் உண்டு. அவற்றின் பின்பக்கம் மட்டும் ஏன் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இருக்கை, முறுக்கிய கயிறு போன்ற ஒன்றால் நான்கு முக்கோணங்கள் நடுவில் கூடுவதுபோலப் பின்னப்பட்டது. ஒரு மூலை அறுந்து தொங்குகிறது. மேற்பூச்சு சிவப்பு கலந்த பழுப்பு நிறம், தேய்ந்த இடங்களில் அதன் அடியில் கரும்பச்சை தெரிகிறது. ஆடுகட்டைகள் அரை அங்குலத்துக்கும் குறைந்த தடிமன் கொண்டவை. கால்களின் அடியில் வெட்டிய பிளவுக்குள் அவற்றைச் செருகிக் குறுக்கே முளை அடித்திருக்கிறார்கள். எழுத்து, எண், முத்திரை எதுவும் எங்கும் இல்லை.

இது ஷேக்கர் வேலைதானா, இல்லையென்றால் எந்தக் காலத்தது, ஆடுகட்டைகள் முதலிலேயே இருந்தவையா என்பவை என் கேள்விகள். பூச்சைச் சுரண்டிப் புதுப்பிக்கலாமா, மூன்று வயது மகளை அதில் உட்கார வைக்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

லெபனான் வழிப்போக்கர்

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் இது ஷேக்கர் நாற்காலியாக எனக்குத் தோன்றவில்லை.

ஷேக்கர்கள் விற்பனைக்கென்று பெருமளவில் நாற்காலி செய்த இடம் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் லெபனான். உங்கள் பெர்க்‌ஷயர் மலைகளுக்கு மேற்கே, மாநில எல்லையைத் தாண்டியதும் வருகிற ஊர் அது. ராபர்ட் வேகன் என்பவரின் பொறுப்பில் அங்கிருந்த நாற்காலித் தொழில் 1860-களின் இறுதியிலிருந்து ஒழுங்கான தொழிற்சாலை உற்பத்தியாக மாறியது. 0 முதல் 7 வரை எண்ணிட்ட அளவுகளில் நாற்காலிகள் வந்தன. 0 என்பதுதான் மிகச் சிறியது, அதுவும் 1 என்ற எண்ணும் குழந்தைகளுக்கானவை. 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியிலும் இந்த நாற்காலிகள் வைக்கப்பட்டிருந்தன. பெயர் பரவப் பரவப் பிற தொழிற்சாலைகள் அதே பாணியில் செய்து "ஷேக்கர் நாற்காலி" என்று விற்கத் தொடங்கியதால், ஆடுநாற்காலிப் படம் போட்ட தங்கநிற ஒட்டுமுத்திரையை ஆடுகட்டையின் உட்புறத்திலோ பட்டையின் பின்புறத்திலோ ஒட்டினார்கள். அளவு எண்ணை மேற்பட்டையின் பின்புறத்தில் அழுத்திப் பதித்தார்கள். ஒட்டுமுத்திரை தேய்ந்து உதிர்ந்துவிடக் கூடியது என்பதால் அது இல்லாததை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மரத்தில் பதித்த எண் அவ்வளவு எளிதில் மறைவதில்லை.

உருவமும் பொருந்தவில்லை. அந்தத் தொழிற்சாலை நாற்காலிகளின் பின்தூண் உச்சி ஓக் கொட்டையைப் போல நுனி கூம்பி முடியும். உங்களுடையதோ உருண்டைக் குமிழ். கை உள்ள நாற்காலிகளில் முன்தூணின் நுனி கையைத் துளைத்து மேலே வர, அதன்மேல் தட்டையான காளான் வடிவக் குமிழ் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இருக்கையும் பெரும்பாலும் இரு நிறத் துணிநாடாவைச் சதுரக் கட்டங்களாகப் பின்னியதாக இருக்கும்.

சீட்டில் உள்ள 1840 என்ற ஆண்டுக்கு வருவோம். ஷேக்கர்கள் துறவு வாழ்க்கை வாழ்ந்தவர்கள் என்றாலும் அவர்களுடைய குடியிருப்புகளில் குழந்தைகள் இருந்தார்கள். குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் அவர்கள் வளர்த்தார்கள். ஆகவே தொழிற்சாலைக் காலத்துக்கு முந்தைய ஷேக்கர் குழந்தை நாற்காலிகளும் உண்டு. ஆனால் அவை அரிதானவை. அப்படி ஒன்று என்று சொல்வதற்கு எந்தக் குடியிருப்பிலிருந்து வந்தது என்ற தொடர்ச்சியான ஆவணம் வேண்டும். பட்டை முதுகும் பின்னிய இருக்கையும் கொண்ட நாற்காலியை நியூ இங்கிலாந்து முழுவதும் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஊருக்கு ஊர் செய்து வந்தார்கள், ஷேக்கர்களும் அந்த மரபிலிருந்துதான் தங்கள் வடிவத்தை எடுத்தார்கள். அலங்காரம் குறைவாக இருக்கிற எதற்கும் "ஷேக்கர்" என்று சீட்டுக் கட்டுவது வியாபாரிகளின் பழக்கம், விலை உடனே ஏறும். பிட்ஸ்ஃபீல்டில் உள்ள ஹான்காக் ஷேக்கர் கிராம அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்று உண்மையான தூண்களையும் குமிழ்களையும் பார்த்துவிட்டு வந்தால் வேறுபாடு உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பச்சைமரத் தச்சர்

ஷேக்கரா இல்லையா என்பதை ஒதுக்கிவிட்டு, நாற்காலி எப்படிச் செய்யப்பட்டது என்று பார்த்தால் அதன் காலத்தை ஓரளவு நெருங்க முடியும்.

இந்த வகை நாற்காலியில் வச்சிரப் பசைக்குப் பெரிய வேலை இல்லை. தூண்களை ஈரம் முழுவதும் வடியாத மரத்தில் கடைவார்கள். குறுக்குக் கட்டைகளையோ அடுப்பருகே நன்றாக உலர்த்தி வைத்துவிட்டு, அவற்றின் கழுந்துகளை, அதாவது துளைக்குள் நுழையும் முனைகளை, துளையைவிட இம்மியளவு பெரிதாகச் செதுக்கி அடித்து இறக்குவார்கள். காலப்போக்கில் தூணின் ஈரம் வடியும்போது துளை சுருங்கிக் கழுந்தைக் கவ்விக்கொள்ளும், முன்பே உலர்ந்த கழுந்தோ அறையின் ஈரத்தை வாங்கிச் சற்று உப்பும். இதற்கு மேல் ஒரு பூட்டும் உண்டு. பக்கக் கட்டைக்கான துளையை, முன்கட்டையின் கழுந்தை ஓரத்தில் சிறிது கடித்துக்கொண்டு போகும்படி துளைப்பார்கள். பக்கக் கட்டை உள்ளே இறங்கியதும் முன்கட்டையின் கழுந்து எந்தப் பக்கமும் நகர வழியில்லாமல் நின்றுவிடும். மேற்பட்டைக்கு மட்டும் முளை அடித்திருப்பதும் இந்தச் சிக்கனத்தின் தொடர்ச்சிதான்: மேற்பட்டை தூண்களை இறுக்கிப் பிடித்துவிட்டால் கீழ்ப்பட்டைகள் வெளியே வர இடமே இல்லை.

குழந்தை நாற்காலி பெரிய நாற்காலியின் சுருக்கிய நகல் அன்று. உயரத்தையும் அகலத்தையும் பாதியாக்கிய தச்சர் தூணின் தடிமனைப் பாதியாக்க முடியாது. ஏறக்குறைய ஓர் அங்குல ஆழத்துக்குத் துளை போட்ட பிறகும் தூணில் மரம் மிஞ்ச வேண்டும், அந்தத் துளைகளும் இரு திசைகளிலிருந்து ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன. அதனால்தான் நல்ல குழந்தை நாற்காலிகள் சற்றுக் குட்டையாகவும் கட்டையாகவும் தோன்றும். எல்லாமே ஒரே விகிதத்தில் மெலிந்து அழகாக இருக்கிற நாற்காலியைக் கண்டால் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஆட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. உட்கார்ந்தவரின் எடைமையம் ஆடுகட்டையின் வளைவு மையத்துக்குக் கீழே இருக்கும்வரைதான் நாற்காலி தானாகத் திரும்பி வரும். குழந்தை நாற்காலியில் கட்டை குட்டையாக இருப்பதாலும், குழந்தை அசையாமல் உட்காராது என்பதாலும், பின்னால் கவிழும் வாய்ப்பு அதிகம். பழைய ஆடுகட்டைகள் பல முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவு நீண்டிருக்கும். பிற்காலத்தவை பின்னால் நன்றாக நீள்வதற்குக் கவிழ்ச்சியைத் தடுப்பதே காரணம்.

இனி நீங்கள் பார்க்க வேண்டியவை. முதலில் ஒரு காலிப்பரை எடுத்துத் தூணின் ஒரே இடத்தை இரு திசைகளில் அளந்து பாருங்கள். மரம் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சர்க்கரை மேப்பிளில் இது முழு உலர்வின்போது சுமார் 10 சதவீதத்துக்கு 5 சதவீதம். ஆகவே ஈரத்தில் வட்டமாகக் கடைந்த தூண் இன்று முட்டை வடிவமாக இருக்கும், 32 மில்லிமீட்டர் தூணில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வேறுபாடு வரலாம். இது மட்டுமே பழமைக்குச் சான்றாகாது, ஏனென்றால் பச்சை மரத்தில் இன்று நான் கடைந்தாலும் அப்படித்தான் ஆகும். ஆனால் தூண் அச்சு வட்டமாக இருந்தால், உலர்ந்த மரத்தில் கடைந்த தொழிற்சாலை வேலை என்ற பக்கம் தராசு சாயும். அடுத்து, இருக்கைப் பின்னலுக்குள் மறைந்திருக்கும் நான்கு கட்டைகளைக் கீழிருந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கடைசல் நேரத்தை வீணாக்காமல் இழுப்புக் கத்தியால் செதுக்கி விட்டிருந்தால் முகம் முகமாகத் தட்டைகள் தெரியும்.

ஆடுகட்டைகள் பற்றிய கேள்விக்குக் கால்களின் அடிப்பகுதிதான் விடை சொல்லும். ஆடுநாற்காலியாகவே திட்டமிட்டுச் செய்தவர்கள் பலர், பிளவு வெட்டினால் கால் பலவீனமாகும் என்று தெரிந்து, அந்த இடத்தில் தூணைச் சற்றுப் பருமனாக விட்டிருப்பார்கள். பிளவுக்குள் பழைய பச்சைப் பூச்சு இறங்கியிருக்கிறதா, ஆடுகட்டையின் மீதும் பச்சை இருக்கிறதா, அறுத்த தடம் எப்படி இருக்கிறது, மிகக் கீழே உள்ள குறுக்குக் கட்டைக்கும் ஆடுகட்டைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பவற்றைப் பார்த்து எழுதுங்கள்.

குமிழ்களின் பின்பக்கத் தேய்மானம் நல்ல அறிகுறி. நடை பழகும் குழந்தைகள் இத்தகைய நாற்காலியை மல்லாக்கச் சாய்த்து, முன்கால்களைப் பிடித்துக்கொண்டு தரையில் தள்ளிக்கொண்டு போவார்கள். அப்போது தரையில் உரசுவது பின்தூண்களின் உச்சிதான். போலி செய்பவர்கள் கைகளையும் முன் குறுக்குக் கட்டையையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு இந்த இடத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

பெர்க்‌ஷயர்வாசி

விரிவான பதில்களுக்கு நன்றி. நீங்கள் சொன்னபடி பார்த்தேன்.

வலது முன்தூண் ஒரு திசையில் 31.6 மில்லிமீட்டர், அதற்குச் செங்குத்தான திசையில் 30.4. மற்றத் தூண்களும் ஏறக்குறைய இதே போலத்தான். இருக்கைக்குள் மறைந்த கட்டைகள் கடைசல் இல்லை. கையால் செதுக்கிய நீண்ட தட்டை முகங்கள் விரலுக்கே தெரிகின்றன. தூண்களில் ஒவ்வொரு துளையின் உயரத்திலும் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடுகிறது. கால்களின் அடி பருத்திருக்கவில்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன்தான். பச்சைப் பூச்சு பிளவின் விளிம்போடு சட்டென்று நின்றுவிடுகிறது. பிளவுக்குள் வெளிறிய வெறும் மரம் மட்டுமே இருக்கிறது. ஆடுகட்டைகளில் பழுப்பு மட்டுமே உள்ளது, அடியில் பச்சை இல்லை. அவற்றின் உட்பக்கத்தில் நெருக்கமான, ஒரே சீரான, இணையான அறுப்புத் தடங்கள் தெரிகின்றன. கீழ்க் குறுக்குக் கட்டைக்கும் ஆடுகட்டைக்கும் இடையே ஓர் அங்குலம்கூட இல்லை.

பச்சைமரத் தச்சர்

அப்படியானால் விடை ஓரளவு தெளிவாகிவிட்டது. தூணைச் சுற்றி ஓடும் கோடுகள், கடைசலில் சுழலும்போதே துளைகளின் இடத்தைக் குறித்தவை. அந்தக் காலத்துத் தச்சர்கள் அவற்றை அழிக்க வேண்டும் என்று நினைத்ததே இல்லை. முட்டை வடிவத் தூண்களையும் செதுக்கிய உட்கட்டைகளையும் சேர்த்துப் பார்த்தால், இது ஒரு சிறு பட்டறையில் கைவேலையாகச் செய்யப்பட்ட குழந்தை நாற்காலி. 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதி என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல ஆதாரம் போதாது.

ஆனால் அது பிறந்தபோது ஆடவில்லை. முதலில் பச்சை பூசிய சாதாரண நாற்காலியாக இருந்தது. பிறகு யாரோ கால்களின் அடியைச் சற்று வெட்டி, பிளவு போட்டு, ஆடுகட்டை சேர்த்து, எல்லாவற்றின் மீதும் பழுப்புப் பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். அந்த நெருக்கமான சீரான தடங்கள், வளையமாகச் சுழலும் பட்டை ரம்பத்தின் தடங்களைப் போல இருக்கின்றன. அமெரிக்கப் பட்டறைகளில் அது பரவலானது 1870-களுக்குப் பிறகுதான். இவ்வாறு சாதாரண நாற்காலியை ஆடுநாற்காலியாக்குவது 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே அமெரிக்க வீடுகளில் வழக்கம். ஆடுநாற்காலியின் தொடக்கமே அங்குதான் என்று கருதுகிறவர்கள் உண்டு. பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் அதைக் கண்டுபிடித்தார் என்று அடிக்கடி சொல்லப்படும் கதைக்கு வலுவான ஆதாரம் கிடையாது.

ஆடுகட்டைகளைக் கழற்றி "பழைய நிலைக்கு" கொண்டுவர நினைக்க வேண்டாம். வெட்டிய கால் திரும்பி வளராது, அந்த மாற்றத்துக்கும் இப்போது நூறாண்டுக்கு மேல் வயதாகியிருக்கக் கூடும்.

மெருகு

நான் வேறு விதமாக நினைக்கிறேன். மேப்பிள் மரத்தின் இயல்பான நிறம் மிக அழகானது. காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுக்கிற கடைகள் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டு பூச்சும் போய்விடும், மேலே வார்னிஷ் அடித்தால் புதியது போல மின்னும். வீட்டில் வைத்துக்கொள்ளப்போகிற பொருளுக்கு அருங்காட்சியக விதிகள் எதற்கு?

பூச்சுப் பாதுகாவலர்

பழைய மரச்சாமான்களின் மேற்பரப்பைப் பேணுவது என் வேலை என்பதால் இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். தொட்டியில் முக்குவதுதான் இந்த நாற்காலிக்குச் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். காரநீர் இணைப்புகளுக்குள் இறங்கி மரநாரை மெலியச் செய்யும். உலர்ந்து இறுகிய கழுந்துகளை முழுவதும் நனைத்து மீண்டும் காய வைத்தால் இணைப்புகள் தளர்ந்துவிடும். இந்த நாற்காலி இன்னும் உறுதியாக நிற்பதற்கு அந்த உலர்ந்த பிடிப்பே காரணம் என்று மேலே தச்சர் எழுதியிருப்பதைப் படித்த பிறகு அதைக் கெடுக்க யாருக்கும் மனம் வராது என்று நினைத்தேன். தவிர, பச்சை எங்கே நின்றது, பழுப்பு எங்கே தொடங்கியது என்பதை வைத்துத்தான் இந்தத் திரியில் நாற்காலியின் வரலாற்றையே கண்டுபிடித்தோம். அமெரிக்கச் சந்தையிலும் தேய்ந்த பழம்பூச்சு உள்ள நாற்காலிக்கு இருக்கும் மதிப்பு, சுரண்டி மெருகேற்றியதற்கு இருப்பதில்லை.

ஈயம் பற்றிய கவலை இதைவிட முக்கியமானது. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுப் பூச்சுகளிலும் குழந்தைகளுக்கான பொருட்களிலும் ஈயப் பூச்சு 1978-இல் தடை செய்யப்பட்டது, அப்போது 0.06 சதவீதமாக இருந்த வரம்பு, 2008-இல் வந்த சட்டத்தின்படி 2009-இலிருந்து 0.009 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உங்கள் நாற்காலி அதற்கெல்லாம் வெகுகாலம் முந்தையது. 19-ஆம் நூற்றாண்டின் பச்சைப் பூச்சுகளில் பல, ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைப் பிரஷ்யன் நீலத்தோடு கலந்து செய்தவை. ஈய வெள்ளை நிறமியைச் சேர்ப்பதும் சாதாரணம். சோதித்துப் பார்க்கும்வரை அதில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கடைகளில் விற்கும் துடைப்புச் சோதனைக் குச்சிகள் மேலடுக்கை மட்டுமே காட்டும். அடியில் உள்ள பச்சையை அறிய எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியால் அளக்கச் செய்வது நல்லது, பூச்சை உரிக்காமலே அளந்துவிடலாம்.

ஆகவே உங்கள் மகளை அதில் உட்கார வைக்க வேண்டாம் என்பதே என் பதில். மூன்று வயதுக் குழந்தை நாற்காலியின் கையைக் கடிக்கும், நகத்தால் பூச்சைப் பெயர்க்கும், பிறகு விரலை வாயில் வைக்கும். மேலே தெளிவான பூச்சு ஒன்று அடித்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கைகளின் முனையில்தான் தேய்மானம் மிக விரைவாக நடக்கும், பாதுகாப்புப் பூச்சும் முதலில் போவது அங்கேதான். உப்புத்தாள், உலர் சுரண்டல், வெப்பக் காற்றுத் துப்பாக்கி மூன்றையும் தொடவே கூடாது. ஈயத் தூசியை வீடு முழுவதும் பரப்ப அவற்றைவிட எளிய வழி இல்லை. லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, பெரியவர்கள் பார்வையில் படும் இடத்தில் வையுங்கள்.

இருக்கையைப் பற்றி ஒரு சொல். அறுந்த நுனியிலிருந்து சிறு துண்டு வெட்டி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சம்புக் கோரையாக இருந்தால் இலையின் நரம்புகளும் பஞ்சு போன்ற உட்பகுதியும் தெரியும். முறுக்குப் பிரிந்து ஒரே சீரான காகிதப் பட்டையாக விரிந்தால் அது 20-ஆம் நூற்றாண்டில் வந்த காகிதக் கயிறு. அப்படியென்றால் உங்கள் நாற்காலியின் முதல் இருக்கை அது அல்ல.

வின்சர் பித்தர்

பட்டை முதுகு நாற்காலியைப் பற்றி மட்டுமே பேச்சு ஓடுவதால் இன்னொரு குடும்பத்தையும் குறிப்பிட விரும்புகிறேன். அடுத்த முறை வாங்கும்போது உதவலாம்.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிலடெல்பியாவில் வேரூன்றிய வின்சர் நாற்காலியில் எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருக்கைப் பலகைதான். கால்கள் கீழிருந்தும் முதுகுக் குச்சிகள் மேலிருந்தும் அதற்குள் இறங்குகின்றன. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு மரம்: எளிதில் குடையக்கூடிய பைன் அல்லது டியூலிப் பாப்ளர் இருக்கைக்கு, கூர்மையாகக் கடைய வரும் மேப்பிள் கால்களுக்கு, வளைந்தாலும் ஒடியாத ஹிக்கரி அல்லது ஆஷ் குச்சிகளுக்கு. மூன்று மரங்களின் நிறமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதால் அந்த நாற்காலிகளைப் பூச்சில்லாமல் விடுவதே இல்லை. கால் இருக்கையைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் நுனியைப் பிளந்து ஆப்பு அடித்திருப்பார்கள். பலகை பிளக்காதிருக்க அந்த ஆப்பு பலகையின் ரேகைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். பழைய வின்சர் இருக்கையின் மேல் உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள். பலகை தடிமனில் சுருங்கிவிட, காலின் நுனி மட்டும் நீளவாக்கில் சுருங்காமல் நின்று, ஒரு சிறு மேடாகக் கையில் தட்டுப்படும்.

இந்த வழியில் வந்ததுதான் 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பரவிய பாஸ்டன் ஆடுநாற்காலி. அதன் இருக்கை பின்னால் மேலேறி, முன்னால் சுருண்டு கீழிறங்கும். முதுகின் உச்சியில் அகலமான பலகை இருக்கும். குழந்தைகளுக்கான சிறிய வடிவங்களும் ஏராளமாக வந்தன, என் பார்வையில் அமெரிக்கக் குழந்தை ஆடுநாற்காலிகளிலேயே மிக வசதியானவை அவைதான். சிவப்பின் மேல் கருப்பைக் கோடிழுத்துத் தோதகத்தி போலத் தோன்றச் செய்து, உச்சிப் பலகையில் வார்னிஷ் பாதி உலர்ந்து ஒட்டும் பதத்தில் இருக்கும்போது அச்சுத்தாளை வைத்து, விரலில் சுற்றிய வெல்வெட்டால் வெண்கலப் பொடியைத் தேய்த்துப் பழங்களையும் இலைகளையும் பதிப்பார்கள். நல்ல வேலையில் பழத்தின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் இருளில் கரைவது போலவும் இருக்கும். மலிவான வேலையில் எல்லாம் ஒரே தட்டையான தங்கநிறம்.

இந்த அச்சு அலங்காரத்துக்குப் பெயர் பெற்றவர் லாம்பர்ட் ஹிட்ச்காக். கனெக்டிகட்டின் பார்க்கம்ஸ்டட்டில் 1818-இல் தொழில் தொடங்கி, 1826-இல் தொழிற்சாலை கட்டினார். அந்த ஊர் அவர் பெயரால் ஹிட்ச்காக்ஸ்வில் என்று வழங்கி, இன்று ரிவர்ட்டன் என்று அழைக்கப்படுகிறது. அவருடைய பெயரை இருக்கையின் பின்விளிம்பில் கண்டதும் மகிழ்ந்துவிட வேண்டாம். 1946-இல் அதே ஊரில் அந்தப் பெயரில் தொழில் மீண்டும் தொடங்கி 2006 வரை நடந்தது. அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்து போட்ட பதிவுக் குறி இருக்கும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த, உச்சிப் பலகையில் உலோக அச்சால் பூவேலையை அழுத்திப் பதித்த ஓக் நாற்காலிகள் இன்றும் எங்கும் கிடைக்கின்றன. அவை செதுக்கு வேலை என்று விற்கப்படுவது எனக்கு எரிச்சலூட்டும். உறுதியானவை என்பதற்கு மேல் அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

பெர்க்‌ஷயர்வாசி

வெந்நீரில் போட்ட துண்டு காகிதமாகவே விரிந்தது. அறுந்த மூலையை விலக்கிப் பார்த்தபோது, உள்ளே கட்டைகளின் மேல் ஏறக்குறைய அரை அங்குல அகலத்தில், பக்கத்தில் பக்கமாக, தட்டையான அழுத்தத் தடங்கள் தெரிகின்றன. கயிறு பதிந்த தடம் போல இல்லை. புதிய இருக்கை பின்னினால் ஷேக்கர் நாடாவைப் பயன்படுத்தலாமா?

பூச்சுப் பாதுகாவலர்

நாடா வேண்டாம்; அது மீண்டும் யாரோ ஒருவரை "ஷேக்கர்" என்று சீட்டுக் கட்ட வைத்துவிடும். அந்தத் தடங்கள் மரச் சீவல் இருக்கையினுடையவை. நியூ இங்கிலாந்தில் அதற்குப் பெரும்பாலும் ஆஷ் மரம்தான். கருப்பு ஆஷ் கட்டையைச் சம்மட்டியால் அடித்தால் ஆண்டு வளையங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும், அவற்றை வாரி எடுத்துப் பின்னுவார்கள். தடத்தின் அகலத்தை அளந்து அதே அகலத்தில் ஆஷ் சீவல் வாங்குங்கள். நீரில் ஊறவைத்து, முன்னிருந்து பின்னாக முதலில் சுற்றி, பிறகு பக்கவாட்டில் இரண்டுக்கு மேல் இரண்டுக்குக் கீழ் என்று கோத்து வாருங்கள். உலரும்போது ஒவ்வொரு சீவலும் அகலத்தில் குறுகும் என்பதால் ஈரத்தில் இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் பின்ன வேண்டும். காகிதக் கயிற்றை அறுப்பதற்கு முன் கீழ்ப்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறுத்ததில் ஒரு முழம் அளவுக்குச் சுருட்டி, படத்தோடும் இந்தத் திரியின் அச்சுப்படியோடும் ஓர் உறையில் போட்டு வைத்திருப்பது அடுத்து வருபவருக்கு உதவும். அறுக்கும்போது பூச்சு உதிரக்கூடும் என்பதால் கீழே ஈரத்துணி விரித்து, முகக்கவசம் அணிந்து, மகள் வீட்டில் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.